கோபம் கூடாத பதினாலு நாள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் என்னை ஒரு 'ஸ்பா'வுக்குக் கூட்டிப்போனாள்.

"எழுபத்திரண்டு வயசாச்சும்மா. ஒரு நாளாவது ரிலாக்ஸ் பண்ணேன்" என்றாள். ஏதோ நான் இத்தனை வருடமும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மாதிரி!

சரி, போவோமே என்று போனேன். உள்ளே மங்கலான வெளிச்சம். பீங்கான் கிண்ணத்தில் மிதக்கும் பூ. எங்கிருந்தோ மழைச் சத்தம்… வெளியே சென்னை வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே மழையா? கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது — ஸ்பீக்கரில் வருகிற மழை. ஒரு ஃபாரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். பிரஷர் உண்டா, ஷுகர் உண்டா, ஆபரேஷன் உண்டா என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'உண்டு' போட்டேன். அப்படியும் விடவில்லை.

குறை சொல்லக்கூடாது. அந்தப் பெண் நன்றாகவே எண்ணெய் தேய்த்துவிட்டாள். கண் செருகியது. எங்கோ போய்க்கொண்டிருந்தேன். "முடிஞ்சிடுச்சு மேடம்" என்று ஒரு குரல். சரியாக ஒரு மணி நேரம்.

எழுந்து உட்கார்ந்து கேட்டேன்: "இனி எத்தனை நாள் சும்மா இருக்கணும்?"

அவளுக்குப் புரியவில்லை. "ஷவர் அந்தப் பக்கம் மேடம்" என்று கையைக் காட்டினாள்.

அடுத்த இருபதாவது நிமிடம் நாங்கள் சிக்னலில். குறுக்கே வந்த ஆட்டோக்காரரை என் மகள் கண்ணாடியை இறக்கி விளாசிக்கொண்டிருந்தாள். அவளும்தான் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"எண்ணெய் மணம் கூடப் போகல்லை. அதுக்குள்ள கோபமாடி?" என்றேன்.

"எண்ணெய்க்கும் கோபத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றாள்.

என்ன சம்பந்தமா? உங்களிடமாவது சொல்கிறேன்.

என் ஊர் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில். நான்கு தெரு, ஒரு குளம், மிச்சமெல்லாம் வயல். நான் சொல்வது ஐம்பதுகளின் தொடக்கம். அப்போது நாங்கள் தமிழ்நாட்டில் இல்லை — திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த திரு-கொச்சி ராஜ்யத்தில் இருந்தோம். வீட்டில் பேசுவது தமிழ். சர்க்கார் கச்சேரிக் காகிதம் மலையாளம். எனக்குப் பதினோரு வயது. அக்கா கோலம்மைக்குப் பதினாலு.

அப்பா நல்ல மனிதர். கை சுத்தம், வாய் சுத்தம். ஒரு வெற்றிலை கிடையாது, மூக்குப்பொடி ஒன்றுதான். ஊரில் ஒரு வம்புக்குப் போனதில்லை. ஆனால் கோபம்… அது மட்டும் வந்துவிட்டால் கையில் கிடைத்தது பறக்கும். பெரும்பாலும் தண்ணீர்ச் செம்புதான் கிடைக்கும். எங்கள் வீட்டில் நெளியாத செம்பு ஒன்றுகூடக் கிடையாது. யார் மேலும் பட்டதில்லை, சுவரில்தான் படும். ஆனாலும் வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா, அக்கா, நான் மூவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். பயம் என்றுகூட நினைத்ததில்லை. வீடென்றால் அப்படித்தான் என்று இருந்தோம்.

ஒரு ஆடி மாதச் சாரலில் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு பேர் ஒரு பெஞ்சில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தூக்கி வந்த நான்கு பேரையும் வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஆசானுக்கு ஆள் போயிற்று. அடியோ, சுளுக்கோ, நரம்புப் பிசகோ, எங்கள் பக்கம் ஆசான்தான் பார்ப்பார். இவர் களியக்காவிளைப் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு. உள்ளங்கை மட்டும் முறம் மாதிரி இருக்கும். வந்தவர் அப்பாவைத் தொடக்கூட இல்லை. படுத்திருந்தவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏழு நாள் உழிச்சல். பின்ன ஏழு நாள் நல்லிருக்கை" என்றார்.

உழிச்சல் என்றால் எண்ணெய் விட்டு உடம்பை நீவுவது. நல்லிருக்கை என்றால்… நல்லபடியாகச் சும்மா இருப்பது! எத்தனை நாள் உழிச்சலோ, அத்தனை நாள் இருப்பு. அந்த இருப்பில்தான் எண்ணெய் உள்ளே இறங்குமாம். இருக்காவிட்டால் உழிந்ததெல்லாம் வீண்.

"பச்சை வெள்ளம் தொடண்டாம். காத்து கொள்ளண்டாம். புளியும் மொளகாயும் கூட்டண்டாம்" என்று விரல் மடக்கினார். பச்சை வெள்ளம் என்றால் காய்ச்சாத தண்ணீர். "பின்ன, உழிச்சல் தொட்டுப் பதினாலு நாளும் கோவிக்கண்டாம்."

"நான் எங்கவேய் கோவிக்கேன்?" என்று அப்பா கோபமாகக் கேட்டார்.

ஆசான் சிரிக்கவில்லை. "கோவிச்சா நரம்பு பின்னேயும் முறுக்கும். அப்பொறம் நீரு நேரே நடக்க மாட்டீரு. என்னையும் விளிக்கண்டாம், கேட்டீரா?"

அப்பாவின் முகத்தில் பயத்தை நான் முதலில் பார்த்தது அன்றுதான். வயல்காரருக்கு இடுப்பை விட்டால் வேறென்ன இருக்கிறது?

வடசேரிச் சந்தையிலிருந்து கிழங்கும் வேரும் பட்டையும் ஒரு சாக்கில் வந்து இறங்கின. பெரிய உருளியில் எண்ணெய் மூன்று நாள் காய்ந்தது. அம்மா கிளறிக்கொண்டே இருந்தாள். ஒரு திரியை அதில் முக்கிக் கொளுத்திப் பார்ப்பாள். சடசடவென்று பொரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் எரிந்தால் பதம் சரி. அந்த மணம் இருக்கிறதே… கசப்பும் இனிப்பும் கலந்து, நனைந்த மரம் மாதிரி, கொஞ்சம் வறுத்த தேங்காய் மாதிரி. பாட்டிலில் அடைத்து இன்று ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கி மோந்து பார்த்தேன். வேறு ஏதோ மணம்.

அடுக்களையை ஒட்டிய தெற்கு அறையில்தான் உழிச்சல். மேலே உத்தரத்தில் ஒரு வடம் கட்டி, அதைக் கையால் பிடித்துக்கொண்டு, ஆசான் காலால் உழிவார். பெண்பிள்ளைகள் பார்க்கக்கூடாது, கதவு சாத்தியிருக்கும். ஆனால் காதைச் சாத்த முடியுமா? அறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். வடம் கிறீச்சிடுவது கேட்கும். எண்ணெய் 'சளப்' என்று விழுவது கேட்கும். கூரை ஓட்டின் மேல் சாரல் விட்டுவிட்டுப் பெய்வது கேட்கும். முதல் நாள் அப்பாவின் "ஐயோ… ஐயோ…" கேட்டது. மூன்றாம் நாள் அது "ம்ம்" ஆயிற்று. ஐந்தாம் நாள் ஆசான் உழிந்துகொண்டிருக்கும்போதே குறட்டை!

நானும் அக்காவும் பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்போம். எங்களுக்கே உடம்பு தளர்ந்து தூக்கம் வரும்.

அப்போதுதான் இன்னொரு சத்தமும் கேட்கத் தொடங்கியது. அம்மா பாடினாள்.

பாட்டு என்றால் பெரிய பாட்டு இல்லை. அரிசி புடைக்கும்போது ஒரு முனகல். பாதிக்கு மேல் வார்த்தை கிடையாது, வெறும் ராகம். பதினோரு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், அம்மாவுக்குப் பாட வரும் என்றே எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. முறம் ஒரு தாளம், மழை ஒரு தாளம், நடுவில் அந்த மெல்லிய குரல்.

"அது என்ன சத்தம்?" என்று அறையிலிருந்து அப்பா.

அம்மா சட்டென்று நிறுத்தினாள். முறம் கூட நின்றுவிட்டது. 

"ஏன் நிறுத்திட்டே? பாடுகதுன்னா பாடேன் ஏட்டி. எனக்கு வேற என்ன சோலி இருக்கு?"

அம்மா எங்களைப் பார்த்தாள். நாங்கள் அம்மாவைப் பார்த்தோம். அப்புறம் மெதுவாக முறத்தை எடுத்தாள்.

ஏழு நாள் முடிந்து ஆசான் ஊருக்குப் போனார். பதினாலாம் நாள் வந்து வெந்நீர் வார்த்து முடித்துவைப்பதாக ஏற்பாடு. அப்பா அறையில் பாயில் கிடந்தார். நல்லிருக்கை தொடங்கியது.

அதிலுள்ள வசதியை முதலில் கண்டுபிடித்தது அக்காதான். எட்டாம் நாள் காலை கஞ்சி கொண்டுபோனவள், கும்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கதவருகிலேயே நின்றாள்.

"என்னட்டி?"

"அப்பா… என் கம்மல்… குளத்தில போயிட்டு. மாசிலயே போயிட்டு."

அதாவது ஐந்து மாதம் முன்பு! அதுவரை அவள் தலைமுடியை இழுத்துவிட்டுக் காதை மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். அப்பாவின் முகம் சிவந்தது. கை தானாகச் செம்பைத் தேடியது. கண் மேலே உத்தரத்துக்குப் போயிற்று. உதடு அசைந்தது.

"சிவ சிவா."

அவ்வளவுதான். அக்கா வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்தது நான். அப்பாவின் வெள்ளிப் பொடி டப்பாவைக் கிணற்றில் போட்டது நான்தான். விளையாட்டுக்கு எடுத்துப்போய் எட்டிப் பார்த்தபோது விழுந்துவிட்டது. அதற்காக அவர் வந்தவர் போனவரையெல்லாம் சந்தேகப்பட்டு முறைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். இரண்டு 'சிவ சிவா' விழுந்தது.

செய்தி எப்படித்தான் பரவியதோ! பக்கத்து வீட்டு வேலப்பன் மாமா உடல்நலம் விசாரிக்க வந்து உட்கார்ந்தார். பத்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, "அண்ணாச்சி, அந்த வாழைக்கண்ணைத் தின்னது பன்னி இல்ல. எங்க மாடுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

"இந்தப் போக்கில போனா அப்பா மோட்சத்துக்கே போயிருவாரு" என்றாள் அக்கா.

பத்தாம் நாள் அப்பாவே குரல் கொடுத்தார். "இன்னும் ஆருக்காவது என்னமும் சொல்ல உண்டா? உண்டும்னா ஒரேயடியா வந்து சொல்லித் தொலைங்க!"

அம்மா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவல் நின்றது. மறுபடி துருவத் தொடங்கினாள். ஆனால் அவளுக்குத்தான் சொல்ல இருந்தது. எங்கள் எல்லோருடையதையும் விடப் பெரிதாக இருந்தது.

அம்மாவுக்கு ஒரே அண்ணன். எங்கள் தாணு மாமா. இரண்டு மைல் தள்ளித் தேரூரில் வீடு. ஐந்து வருடமாகப் போக்குவரத்து இல்லை.

காரணம்? ஒரு பப்படம்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் கடைசியாகப் பிரதமன் வரும் — வெல்லமும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சிய பாயசம். அதை இலையிலேயே விடுவார்கள். அதோடு பழமும் பப்படமும் நொறுக்கிப் பிசைந்து சாப்பிட வேண்டும். பப்படம் இல்லாமல் பிரதமன் சாப்பிடுவது முழுச் சாப்பாடு ஆகாது. மாமா வீட்டு விசேஷம் ஒன்றில், முதல் பந்தியில், வீட்டு மாப்பிள்ளையான அப்பா இலையில் பிரதமன் விழுந்துவிட்டது. பப்படக் கூடை அவருக்கு முந்தின ஆளோடு காலி. எடுத்துவரப் போனவன் வரவில்லை. அப்பா கையை இலையில் வைத்தபடி காத்திருந்தார். பிரதமன் இலை முழுக்க ஓடியது. எதிர் வரிசையில் நொறுங்கும் சத்தம் 'நொறுக் நொறுக்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா இலையை மூடினார். பந்தி நடுவில் எழுந்தார். அதைவிடப் பெரிய அவமானம் அந்த வீட்டுக்கு வேறு கிடையாது.

எங்களை வில்வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தாணு மாமா என்ன செய்தார் தெரியுமா? ஒரு கூடைப் பப்படத்தைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தார்! "மாப்ளே, மாப்ளே" என்று தெருமுனை வரைக்கும். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடிவந்தார், பாவம். அப்பாவுக்கு அது பிச்சை போட வந்தது மாதிரி ஆகிவிட்டது. "இனி உம்ம வீட்டு நடையேற மாட்டேன். நீரும் ஏறப்பிடாது" என்றார். முடிந்தது.

அப்பா போகவில்லை என்றால் அம்மாவும் போகக்கூடாது. சுசீந்திரம் தேரோட்டத்தில் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மாமா நிற்பார். இந்தப் பக்கம் அம்மா நிற்பாள். தேர் நடுவில் போகும். அம்மா தேரைப் பார்ப்பது மாதிரி அண்ணனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். 

இப்போது தாணு மாமா மகளுக்குக் கல்யாணம், ஆவணியில். கறிகாய் கொண்டுவரும் பெண் சொல்லித்தான் அம்மாவுக்கே தெரிந்தது. அத்தை இல்லாமல் ஒரு கல்யாணமா? ஒரே அண்ணனின் ஒரே மகள். இந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை என்றால் பிறந்த வீடு அதோடு முடிந்தது. அது அம்மாவுக்குத் தெரியும்.

பத்தாம் நாள் மத்தியானம் அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். ஒரு கார்டை நீட்டினாள்.

"பகவதி, எழுது மக்கா. மாமாவுக்கு."

"என்னம்மா எழுத?"

"ஆடி இருபத்தெட்டாம் தேதி காலம்பற வரச்சொல்லி எழுது. அன்னைக்குத்தான் கடைசி நாள், அப்பா கோவிக்க மாட்டாரு. கல்யாணம் விளிக்க ஆடியில வரப்பிடாது, சுகம் விசாரிக்க வரலாம்லா? வந்து ஒரு தடவை நடையேறிட்டா பொறவு பாத்துக்கிடலாம். பிந்தண்டாம்னு எழுது."

இதையெல்லாம் ரகசியமாகச் சொன்னாள். அம்மாவின் ரகசியம் எப்போதும் அவள் பேச்சைவிடக் கொஞ்சம் சத்தமாக இருக்கும். எழுதினேன். அக்கா கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டாள்.

அதற்கப்புறம் அம்மா வேறு ஆளாகிவிட்டாள். பாட்டு அதிகமாயிற்று. அப்பா கேட்காமலே சுக்குக் கருப்பட்டிக் காப்பி போனது. பிறந்த வீட்டுக் கதைகளை எங்களுக்குச் சொன்னாள் — மாமா மரத்திலிருந்து விழுந்தது, இவளுக்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது… அந்த நான்கு நாள் எங்கள் வீடு இருந்த மாதிரி எந்த வீட்டிலும் நான் அப்புறம் இருந்ததில்லை, என் சொந்த வீடு உட்பட.

இருபத்தெட்டாம் தேதி. விடியும் முன்பே அம்மா குளித்துச் சலவைச் சேலை கட்டிவிட்டாள். என்னைத் தெருமுனைக்கு அனுப்பினாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மறுபடி அனுப்பினாள். எத்தனை தடவை போனேனோ. பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. அறையில் அப்பாவும் அன்று என்னவோ நிலைகொள்ளாமல் புரண்டுகொண்டே இருந்தார். மாமா வரவில்லை.

சாயங்காலம் ஆசான் வந்தார். இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை அப்பா இடுப்பில் வார்த்தார். பயற்றம்பொடியால் எண்ணெயை எடுத்தார். அப்பா எழுந்து நேராக நடந்தார்.

"இனி எல்லாம் ஆவாம். குளத்தில குளிக்கலாம். மொளகா கூட்டலாம்" என்றார் ஆசான்.

"கோவம்?" என்று அப்பா.

"அதும் ஆவாம்" என்று ஆசான் முதல் தடவையாகச் சிரித்தார்.

அம்மா அடுப்பருகில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. எரிகிற விறகையே மேலும் மேலும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். "அண்ணனுக்கே நான் வேண்டாம்னு ஆயிட்டு போலிருக்கு. பின்ன ஆரைச் சொல்லி என்ன?" என்றாள். என்னிடம் சொன்னாளா, அடுப்பிடம் சொன்னாளா, தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பா குளத்தில் குளித்து, திருநீறு பூசி, முன்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வரப்பில் விழுந்த பிறகு முதல் தடவை. பக்கத்தில் முக்காலியில் செம்பு.

வாசலில் நிழல் தட்டியது. கையில் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு தாணு மாமா!

அம்மா அடுக்களை வாசலில் நின்றபடி பார்த்தாள். அண்ணனை ஐந்து வருடம் கழித்து இத்தனை கிட்டத்தில் பார்க்கிறாள், முகத்தில் சந்தோஷம் இல்லை. 'ஐயோ, இன்றைக்கா?' என்ற திகில்தான் இருந்தது. அக்கா பூனை மாதிரிப் போய் முக்காலியிலிருந்த செம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மாமா நடைக்குக் கீழேயே நின்றார். "மாப்ளே… சுகமில்லேன்னு கேட்டேன்" என்றார்.

அப்பாவின் முகம் சிவந்தது. கண் மேலே போயிற்று. ஆனால் 'சிவ சிவா' வரவில்லை. அன்றுதான் அதற்குத் தேவையில்லையே!

"நேத்து என்ன செய்தீரு?" என்றார்.

மாமா விழித்தார். "நேத்தா?"

"நேத்து ஏன் வரல்லேன்னு கேக்கேன்."

மாமா மடியிலிருந்து என் கார்டை எடுத்தார். "இருபத்தெட்டாம் தேதின்னுல்லா கண்டிருக்கு? இன்னைக்குத்தானே இருபத்தெட்டு?"

விஷயம் இதுதான். எங்களுக்கு அப்போது இரண்டு காலண்டர். தமிழ் மாதம் ஒன்று, மலையாள மாதம் ஒன்று. தமிழில் ஆடி என்றால் மலையாளத்தில் கர்க்கடகம். சில மாதங்கள் இரண்டும் ஒரே நாளில் பிறக்கும். சில மாதங்களில் மலையாளம் ஒரு நாள் பிந்தும். அந்த வருடம் பிந்தியிருந்தது. மாமா கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர். அவருக்குத் தேதி என்றால் மலையாளத் தேதிதான். 'ஆடி' என்று எழுதியிருந்தாலும் கர்க்கடகம் என்றுதான் கண்ணில் படும். அவர் கணக்குப்படி சொன்ன நாளிலேயே, பிந்தாமல் வந்து நிற்கிறார்!

"உம்ம கச்சேரித் தேதியில இடி விழ!" என்றார் அப்பா. "நேத்து பூரா உம்மைப் பாத்துக் கிடந்தேன் மச்சான்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு… தெரியுமா?"

"நீ ரகசியம் பேசினா தேரூருக்கே கேக்கும். பலகைச் செவருக்கு அந்தப் பக்கம் பதினாலு நாளா கிடக்கவனுக்குக் கேக்காதா? நீ பாடுகது கேட்டுது. ராத்திரி அழுகதும் கேட்டுது. இத்தனை வருசமா எனக்கு என் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கு."

அப்புறம் மாமாவைப் பார்த்தார். "நேத்து வந்திருந்தீருன்னா, ஆசான் கோவிக்கப்பிடாதுன்னு சொல்லிட்டாரு, அதான் பேசாம இருந்தேன்னு ஊரில சொல்லிக்கிடலாம். என் மானமும் நின்னிருக்கும். நேத்துக்குன்னு எல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேன். இன்னைக்கு வந்து நிக்கீரு. இனி நான் ஆரைச் சொல்லி…"

  நாற்காலியிலிருந்து எழுந்தார் — இடுப்பைப் பிடிக்காமல், நேராக.

"கேறி வாரும் மச்சான். நானாத்தான் விளிக்கேன்."

மாமா நடையேறினார். பழச்சீப்பைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையில் வைத்துக்கொண்டே அழுதார். அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். யாருக்கு முதலில் கொடுப்பது என்று தெரியவில்லை.

பதினாலு நாளும் ஆசானின் கட்டளை எங்களைத்தான் காப்பாற்றுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களைவிட அப்பாவுக்குத்தான் அது வேண்டியிருந்திருக்கிறது. விட்டுக்கொடுக்க அவருக்கும் ஆசை, ஆனால் ஒரு சாக்கு வேண்டும். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இப்படி ஒரு சாக்குக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறார்களோ! யோசித்துப் பாருங்கள்… உங்கள் வீட்டில் பதினாலு நாள் யாரும் கோபப்படக்கூடாது என்று ஒரு வைத்தியர் சொன்னால், யார் வந்து உங்களிடம் என்ன சொல்வார்கள்? நீங்கள் போய் யாரிடம் என்ன சொல்வீர்கள்?

அன்று அப்பாவும் மாமாவும் முன்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். ஐந்து வருடப் பேச்சு பாக்கி. நெல் விலை, குளத்து மடை, கல்யாணப் பந்தல். சமையல் ஆகிவிட்டதா என்று பார்க்க அடுக்களைக்குப் போனேன். அரிசி களைந்தபடி இருந்தது. பானை அடுப்பில் ஏறவில்லை. அம்மா வெறுந்தரையில், முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை, கால், விரல், எல்லாம் தளர்ந்து கிடந்தன. அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. அந்த மாதிரித் தூக்கத்தை எந்த ஆசானும், எந்த எண்ணெயும் யாருக்கும் கொடுத்து நான் இதுவரை பார்த்ததில்லை.

எழுப்பக் குனிந்தேன். பின்னால் அப்பா வந்து நின்றார். மணி பன்னிரண்டரை. வீட்டில் விருந்தாளி. உலை வைக்கவில்லை.

அப்பா உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"எழுப்பாத மக்கா. கிடக்கட்டும்" என்றார், எனக்கே கேட்காத குரலில்.

அன்று நாங்கள் சாப்பிட்டபோது மணி நான்கு. அக்கா பொங்கிய சோறு. குழைந்திருந்தது.

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.